சொன்ன கதையும் சொல்லாத கதையும்: சிலப்பதிகாரத்தில் இரண்டு விற்பனைகள்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பொருளை விற்பதற்கு அதைப் பற்றிய கதை துணைசெய்யும் என்பது இன்றைய சந்தையியலில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். விற்பவரே கதையைச் சொல்பவர் என்னும் எடுகோள் அதன் அடியில் உள்ளது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் விற்கப்படும் மாலையையும், கொலைக்களக் காதையில் விலைபேசப்படும் சிலம்பையும் இணைத்து வாசித்து அவ்வெடுகோளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கோவலன் தன் கதையைச் சொல்லாமல் சிலம்பை மட்டும் விற்க முயன்றதை ஊழின் செயல் என்று விட்டுவிடாமல், வறுமை தந்த நாணத்தின் விளைவாகவும் காணக் காப்பியத்திலேயே சான்றுகள் உள்ளன என்பது இதன் வாதம்.

திறவுச் சொற்கள்: சிலப்பதிகாரம், வணிகம், கதைசொல்லல், விலை, நம்பகம், நாணம்.

முன்னுரை

சந்தையியல் நூல்கள் கடந்த சில பத்தாண்டுகளாக ஓர் அறிவுரையைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன. பொருளின் தன்மைகளை அடுக்கிக் காட்டுவதைவிட, அப்பொருளைப் பற்றிய கதையொன்றைச் சொல்வது வாங்குபவரின் மனத்தை எளிதில் நெருங்கும் என்பதே அது. இக்கருத்துக்குக் கோட்பாட்டு அடித்தளம் தந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கத் தொடர்பியல் அறிஞர் வால்டர் ஃபிஷர். மனிதரை இயல்பாகவே கதைசொல்லும் உயிராகக் கொண்டு, 1984இல் வெளியான கட்டுரையொன்றில் அவர் தம் வாதத்தை முன்வைத்தார். ஒரு கதையை ஏற்பதா மறுப்பதா என்பதை மக்கள் இரண்டு அளவுகோல்களால் முடிவுசெய்கின்றனர் என்பது அவர் கருத்து. கதை தன்னளவில் முரணின்றி இயைந்திருத்தல் ஒன்று. கேட்பவர் தம் வாழ்வில் மெய்யென அறிந்தவற்றோடு அது பொருந்துதல் மற்றொன்று.

இதன் நடைமுறைச் சான்றாக, 2009இல் ராப் வாக்கரும் ஜோஷுவா கிளென்னும் நடத்திய 'சிக்னிஃபிகண்ட் ஆப்ஜெக்ட்ஸ்' என்னும் முயற்சியைச் சுட்டலாம். பழம்பொருள் கடைகளில் கிடைத்த நூறளவிலான சிறு பொருள்களை மொத்தம் ஏறத்தாழ 129 டாலருக்கு அவர்கள் வாங்கினர். ஒவ்வொன்றுக்கும் எழுத்தாளர் ஒருவரைக் கொண்டு கற்பனைக் கதை எழுதுவித்து, அக்கதையோடு இபே ஏலத்தில் விட்டனர். வந்த தொகை 3,600 டாலரைக் கடந்தது. கதை கற்பனை என்பது வாங்கியவர்களிடம் மறைக்கப்படவில்லை. எழுதியவர் பெயரும் உடன் இருந்தது. பொருள் மாறவில்லை, விலை மாறிற்று.

இத்தகைய எடுத்துக்காட்டுகள் அனைத்திலும் ஓர் அமைப்பு நிலையாக இருக்கிறது. கதை விற்பவர் கையில் உள்ளது; வாங்குபவர் கேட்பவராக உள்ளார். விற்பவரிடம் கதை இருந்தும் அதைச் சொல்ல இயலாத நிலை உண்டா, அவர் சொல்லாது விட்ட இடத்தில் வேறொருவர் கதை வந்து அமர்ந்தால் என்ன நேரும் என்னும் வினாக்களைச் சந்தையியல் நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. வணிகர் குடியில் பிறந்தவனைத் தலைவனாகக் கொண்ட தமிழ்க் காப்பியமாகிய சிலப்பதிகாரம் அவ்வினாக்களை எழுப்புகிறது. அதில் ஒரு மாலை விற்கப்படுகிறது. ஒரு சிலம்பு விற்பனைக்கு வருகிறது. முதலாவதை வாங்கியவனே இரண்டாவதை விற்க வந்தவன். சிலம்பு ஊழின் கருவியாகவும் நீதியின் சான்றாகவும் பலகாலும் பேசப்பட்டுள்ளது. அதனை விலைபேசப்பட்ட ஒரு பொருள் என்னும் எளிய நிலையில் வைத்து, மாலைக்கு அருகில் நிறுத்திப் பார்ப்பது இங்கு மேற்கொள்ளப்படும் முறையாகும்.

விலை கூறும் குரல்

பழந்தமிழ் இலக்கியத்தில் விற்பவர் குரல் அரிதன்று. அகநானூற்றில் அம்மூவனார் பாடிய 140, 390ஆம் பாடல்களில் உப்பு விற்கும் பெண் நெல்லுக்கு உப்பை மாற்றாகக் கூறித் தெருவில் வருகிறாள். அவளது கூற்றில் கதை ஏதுமில்லை. மாற்று அளவு மட்டுமே உள்ளது. கேட்டு நிற்கும் தலைவன்தான் அந்த விலைக்குரலைத் தன் காதலின் கதையாக மாற்றிக்கொள்கிறான். பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் காட்டும் புகார் வணிகரும் கதை சொல்வோர் அல்லர். கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறையும் இன்றி, பொருளின் விலையை வெளிப்படக் கூறி விற்போராகவே அவர்கள் போற்றப்படுகின்றனர். வணிக அறம் என்பது அங்கு அளவிலும் வெளிப்படைத் தன்மையிலும் தங்கியிருக்கிறது. இந்தப் புகார் மரபில் வளர்ந்தவன் கோவலன் என்பதை நினைவிற்கொண்டால், அரங்கேற்று காதையின் விற்பனை எத்துணை வேறானது என்பது விளங்கும்.

மாலையின் விலை

ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் முன் அரங்கேறிய மாதவி, தலைக்கோல் சிறப்பும் மாலையும் பெறுகிறாள். அந்த மாலை ஒரு கூனியின் கையில் கொடுக்கப்படுகிறது. நகரத்துச் செல்வ இளைஞர் உலவும் தெருவில் அவள் அதை ஏந்தி நிற்கிறாள். 1008 கழஞ்சுப் பொன் பெறும் மாலை இது. இதனை வாங்குபவர் மாதவிக்கு ஏற்றவர் என்பது அங்கு அறிவிக்கப்படும் செய்தி. கோவலன் வாங்குகிறான், கூனியோடு மாதவி மனைக்குச் செல்கிறான்.

இவ்விற்பனையில் மூன்று செய்திகள் நுட்பமாக அமைந்துள்ளன. மாலையின் விலை அதன் பூவிலோ பொன்னிலோ இல்லை. அரசன் கை பட்டது என்னும் வரலாற்றில் உள்ளது. இடமும் தற்செயலானதன்று. பொதுச் சந்தையில் அன்றி, வாங்கும் வசதியும் விருப்பமும் உடைய இளைஞர் திரியும் தெருவே தேர்ந்துகொள்ளப்படுகிறது. எல்லாவற்றினும் சிறந்தது இளங்கோவடிகள் கூனியின் நிலையைக் குறிக்கும் முறை. அவள் விற்கிறாள் என்று அவர் கூறவில்லை. விற்பவர் போன்ற பாங்கில் நிற்பதாகவே கூறுகிறார். இந்தப் 'போல்' என்னும் உவமச் சொல்லை எளிதில் கடந்துவிட இயலாது. பரத்தைமையின் விலைபேசலை மறைக்கும் நாகரிகச் சொல்லாட்சியாக அதனைக் கொள்வோர் கொள்ளலாம். ஆயினும் விற்கப்படுவதாகக் காட்டப்படும் பொருளும் உண்மையில் கைமாறும் பொருளும் வேறு வேறு என்பதை அச்சொல் அடையாளப்படுத்துகிறது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. மாலை ஒரு காட்சிப்பொருள். விற்கப்படுவது அதனோடு இணைந்த கதையில் வாங்குபவனுக்கென ஒதுக்கப்பட்டுள்ள இடம். மன்னன் பாராட்டிய ஆடல்மகளுக்கு ஏற்ற ஆடவன் என்னும் பாத்திரத்தைக் கோவலன் விலைகொடுத்து வாங்குகிறான். நுகர்வோரையே கதைத்தலைவராக ஆக்குக என்று இன்றைய விளம்பர வல்லுநர் கூறும் உத்தியும் இதுவே.

கதையை வாங்கியவன் கோவலன். அதற்குரிய விலை அவன் கொடுத்த பொன்னோடு முடிந்துவிடவில்லை. அடுத்து வரும் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் கண்ணகியின் அடிகள் சிலம்பின்றிக் காட்டப்படுகின்றன. மாலை ஒருத்தியின் மனையில் ஏறிய காலத்தில் சிலம்பு இன்னொருத்தியின் காலிலிருந்து இறங்கியிருக்கிறது. இரு அணிகளின் பயணமும் இவ்விடத்திலேயே பிணைக்கப்பட்டுவிட்டது.

கொடி எடுத்த வீதி

ஒரு பொருள் தன் வாழ்நாளில் சில காலம் விற்பனைப் பண்டமாகவும், சில காலம் விலைக்கு அப்பாற்பட்ட தனிப்பொருளாகவும் இருக்கும் என்றும், மனிதருக்கு வாழ்க்கை வரலாறு எழுதுவது போலப் பொருளுக்கும் எழுதலாம் என்றும் மானிடவியலாளர் இகோர் கோபிடாஃப் 1986இல் எழுதினார். கண்ணகியின் சிலம்புக்கு அவ்வாறு ஒரு வரலாறு எழுதினால், அது அணியாக இருந்து, அணியப்படாத அணியாகி, கனாத்திறம் உரைத்த காதையில் முதற்பொருளாக மாறுகிறது. மாதவிக்குக் கொடுக்கப் பொருளின்றிக் கணவன் வாடுகிறான் எனக் கருதிய கண்ணகி, சிலம்பு இருக்கிறது எனக் கூறுகிறாள். அதனையே முதலாகக் கொண்டு மதுரை சென்று, இழந்த பொருளை ஈட்டலாம் எனக் கோவலன் துணிகிறான். முன்னோர் தேடிய குன்றளவு பொருள் தொலைந்தது தனக்கு நாணம் தருவதாக அவன் கூறுவதும் இவ்விடத்திலேயே. அந்த நாணம் பின்னர்க் கதையின் போக்கில் வகிக்கும் பங்கு சிறிதன்று.

ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் கடைவீதிகளைக் காண்கிறான். மணிகள் விற்கும் வீதியில் ஒவ்வொரு மணியின் வகையும் குணமும் வயிரத்தில் நேரக்கூடிய குற்றங்களும் பெயர் சுட்டிக் கூறப்படுகின்றன. பொன் விற்கும் வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப் பொன்னுக்கும், இன்னது இன்ன இடத்தில் உள்ளது என்னும் மயக்கம் தீரக் கொடிகள் எடுக்கப்பட்டுள்ளன. விற்பவர் தம் பண்டத்தின் குற்றத்தையும் அறிந்து கூறும் சந்தை அது. அங்குக் கதைக்குத் தேவை இல்லை. தர நூலறிவும் கொடியும் போதும். மதுரைச் சந்தையை வஞ்சகச் சந்தையாக இளங்கோவடிகள் காட்டவில்லை என்பதை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். பொன்னின் வகையைக் கொடி சொல்லிவிடும் நகரில், பொன்னைக் கொண்டுவந்தவன் யார் என்பதைச் சொல்லும் கொடி மட்டும் இல்லை.

உணர்த்தப்படாத நிலை

அதே ஊர்காண் காதையில், உரையாசிரியர் கூற்றுகளுக்கு இடையே எளிதில் நழுவிப்போகும் ஒரு செய்தி உள்ளது. நகருக்குள் புகுமுன் கோவலன் கவுந்தியடிகளை வணங்கி, இம்முதுநகரத்து வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தித் தான் மீளும்வரை கண்ணகியைக் காக்குமாறு வேண்டுகிறான். ஆகவே அவன் நகருக்குள் சென்றது ஊர் காண்பதற்கன்று, தன் கதையைத் தன் குலத்தாரிடம் சொல்வதற்கு. காதை விரிந்து செல்கிறது. அகழி, வாயில், கணிகையர் வீதி, மணி வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி என அனைத்தும் வருகின்றன. இறுதியில் அவன் நகரைக் கண்டு மகிழ்ந்து மதிற்புறத்துக்குத் திரும்பிவிடுகிறான். வணிகர் எவரையும் கண்டதாகவோ தன் நிலையை எவரிடமும் உணர்த்தியதாகவோ செய்தி இல்லை.

காப்பியம் வருணனையில் ஈடுபட்டுக் கதைச்செய்தியைத் தவறவிட்டது என்று இதற்கு விளக்கம் கூறலாம். ஆனால் அடுத்துவரும் அடைக்கலக் காதை அவ்விளக்கத்துக்கு இடம்தரவில்லை. அங்கு மாடலனும் கவுந்தியடிகளும் கோவலனை நோக்கி, புறஞ்சேரி உனக்கு ஏற்ற இடமன்று. அகநகரில் உள்ள வணிகர் உன் பெயர் கேட்டு உன்னை ஏற்பர். பொழுது மறையுமுன் செல்க என்கின்றனர். பின்னர்க் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும்போதும் கவுந்தியடிகள் இதனையே வேறு சொல்லால் கூறுகிறார். இவள் கணவனுடைய தந்தையின் பெயரைக் கேட்டால், இந்நகரத்து வணிகர் அரும்பொருள் பெற்றவர் போல எதிர்கொண்டு தம் மனையில் வைத்துக்கொள்வர் என்பது அவர் கூற்று. ஒரு செய்தி மூன்று இடங்களில் வருகிறது என்றால் அது தவறவிடப்பட்டது ஆகாது. சொன்னால் பலிக்கும் கதை ஒன்று கோவலனிடம் இருந்தது, அதனைச் சொல்ல அவன் புறப்பட்டான், சொல்லாமல் திரும்பினான், மறுநாள் சிலம்பை எடுத்துக்கொண்டு முன்பின் அறியாத ஒருவனிடம் சென்றான்.

ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காப்பியம் நேரான விடை தருவதில்லை. ஊழ் என்பது ஆயத்தமாகக் கிடைக்கும் விடை. பதிகமே அதற்கு வழிகாட்டுகிறது. எனினும் கனாத்திறம் உரைத்த காதையில் அவன் வாயால் வந்த நாணம் என்னும் சொல்லை இங்கு வைத்துப் பார்த்தல் தகும். தன் நிலையைக் குலத்தாரிடம் உணர்த்துவது எனின், மாசாத்துவான் மகன் என்பதோடு அது நில்லாது. குன்றளவு பொருள் எங்குப் போயிற்று என்பதையும், மாதவியையும், மனைவியோடு கால்நடையாக வந்ததையும் சொல்ல வேண்டும். மாலை வாங்கிய நாளில் அவனைக் கதைத்தலைவனாக்கிய அதே நிகழ்வு, இப்போது சொன்னால் அவனைச் சிறுமைப்படுத்தும். சிலம்பை விற்றால் இவற்றுள் எதனையும் சொல்ல வேண்டியதில்லை. பொருள் தானே பேசும் என அவன் நம்பியிருக்கலாம். இடர்ப்பாட்டில் நகை விற்க வருபவர் தம் இடரை மறைப்பது இன்றைய அடகுக் கடையிலும் காணக்கூடியதே. தேவையைச் சொன்னால் விலை இறங்கும். சொல்லாவிட்டால் ஐயம் ஏறும். கதை சொல்லி விற்க என்னும் சந்தையியல் அறிவுரை, சொல்லத்தக்க கதை உடையவரையும் அதைச் சொல்லும் துணிவு உடையவரையும் மட்டுமே முன்னிறுத்தி எழுதப்பட்டது என்பது இவ்விடத்தில் தெளிவாகிறது.

ஒற்றை வினா

கொலைக்களக் காதையில் கோவலன் பீடிகைத் தெருவில் பொற்கொல்லனைக் காண்கிறான். சட்டை அணிந்து, கையில் குறடு ஏந்தி, நுண்வினை வல்ல கொல்லர் நூற்றுவர் பின்வர அவன் வருகிறான். பாண்டியன் பெயரால் சிறப்புப் பெற்ற கொல்லன் இவன் எனக் கோவலன் தானே முடிவுசெய்துகொள்கிறான். கொல்லன் இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆயினும் அவன் கதை சொல்லப்பட்டுவிட்டது. உடையும் பரிவாரமும் பட்டமும் அதைச் சொல்லிவிட்டன. இன்று வணிகமுத்திரை எனப்படுவதன் வேலை இதுதான். அரசன் பெயரோடு ஒட்டிய எதனையும் உயர்ந்ததாகக் கொள்ளும் பழக்கம் கோவலனிடம் மாலை வாங்கிய நாளிலிருந்தே உள்ளது.

இனி அவன் கேட்கும் வினா வருகிறது. அரசன் தேவிக்கு ஏற்றதொரு காலணிக்கு உன்னால் விலை மதிப்பிட இயலுமா என்கிறான் அவன். சிலம்பை விற்கக் கோவலன் சொன்ன விளம்பரம் முழுவதும் இவ்வளவே. தன் பெயர், ஊர், தந்தை, மனைவி எதுவும் இதில் இல்லை. அரசி மட்டும் இருக்கிறாள். புகாரில் அரசன் தந்த மாலை என்பதற்காகப் பொன்னை அள்ளிக் கொடுத்தவன், அதே வணிகமொழியை மதுரையில் தன் பொருளுக்குப் பயன்படுத்துகிறான். புகாரில் அக்கூற்று மாலையின் மெய்யான வரலாறாக இருந்தது. மதுரையிலோ அது வெறும் உயர்வுநவிற்சி. மேலும், அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருப்பவன் காதில் விழுந்த உயர்வுநவிற்சி. தனக்கு வேண்டிய கதையின் முதல் வரியைக் கொல்லன் தேட வேண்டியிருக்கவில்லை; விற்க வந்தவனே அதைக் கொடுத்துவிட்டான். சிலம்பைப் புரட்டிப் பார்த்த பின், இது கோப்பெருந்தேவிக்கு அன்றிப் பிறர்க்குப் பொருந்தாது என்று அவன் கூறும் விடை, கோவலனின் சொல்லையே ஒரு படி உயர்த்தித் திருப்பிக் கொடுப்பதாகும்.

அவன் பார்த்தது எதை என்பதும் கருதத்தக்கது. மணியும் வயிரமும் பதித்த வரிசை, பசும்பொன் வேலைப்பாடு, சித்திரத் தொழில் எனப் புறத்தில் தெரிவனவற்றையே காப்பியம் அடுக்குகிறது. சிலம்பின் உள்ளீடு பற்றிய பேச்சு இங்கு எழவில்லை.

கொல்லனின் கதைகள்

கொல்லன் இதன்பின் மூவகைக் கேட்போர்க்கு மூன்று கதைகள் சொல்கிறான். கதைசொல்லல் பற்றிய நவீன நூல்கள் எவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க பகுதி இது. அவற்றுக்கு இல்லாத அச்சமூட்டும் தெளிவு இதற்கு உண்டு.

முதல் கதை அரசனுக்கு உரியது. கூத்து முடிந்தபின் தலைநோய் என்று ஊடி நீங்கிய தேவியின் கோயிலை நோக்கி விரைந்துகொண்டிருந்த பாண்டியனை அவன் வழியில் வீழ்ந்து வணங்கித் தடுக்கிறான். கன்னக்கோலும் கவைக்கோலும் இன்றி, மந்திரத்தையே துணையாகக் கொண்டு காவலரைத் துயிலச்செய்து சிலம்பு கவர்ந்த கள்வன் தன் குடிலில் உள்ளான் என்பது கதை. இது சிறிய கதை. அரசனின் நேரத்துக்கு ஏற்ற அளவு. தேவியின் ஊடலைத் தணிக்கச் செல்பவனுக்குத் தேவியின் சிலம்பு கிடைத்தது என்னும் செய்தியைவிடப் பொருத்தமான பண்டம் வேறு இராது. வாங்குபவனின் அந்த வேளைத் தேவையை அறிந்து கொல்லன் விற்றான் என்று கொள்ளலாம். அரசன் ஆராயவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொணர்க என்கிறான். சிலம்பு கையில் இருக்குமா என்பதே அவன் வைத்த ஒரே சோதனை. எவருடைய சிலம்பு என்பதன்று.

இரண்டாம் கதை கோவலனுக்கு. அரசன் ஏவலால் சிலம்பைக் காண வந்தவர் இவர் எனக் காவலரைக் காட்டுகிறான். விற்க வந்தவன் கேட்க விரும்பும் ஒரே செய்தி, வாங்குபவர் வந்துவிட்டார் என்பது. அதனைக் கொல்லன் அவனுக்கு அளிக்கிறான்.

மூன்றாவது காவலர்க்கு. இங்குத்தான் அவன் திறன் முழுதும் வெளிப்படுகிறது. ஏனெனில் இவர்களே நம்ப மறுப்பவர். இலக்கண முறைப்படி நோக்கின் இவன் கொல்லப்படத்தக்கவன் அல்லன் என்று அவர்கள் உறுதியாகக் கூறுகின்றனர். கொல்லன் அதை நேராக மறுக்காமல் நகைத்து, கள்வர் கைக்கொள்ளும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டையும் எடுத்துரைக்கிறான். நூலறிவுக்கு எதிராக வேறொரு நூலறிவு நிறுத்தப்படுகிறது. அதனோடு நில்லாமல், தூதன் கோலத்தில் வாயிலில் இருந்து, இரவில் பெண் கோலத்தில் உட்புகுந்து, துயின்ற இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்து, அவன் வாளுக்கும் அகப்படாமல் மறைந்த கள்வன் ஒருவனின் கதையை விரிக்கிறான். கள்வன் கள்வனைப் போலத் தோன்றமாட்டான் என்பது அதன் உட்கருத்து. இதனை ஏற்றுக்கொண்டால், கோவலனின் குற்றமற்ற தோற்றமே குற்றத்துக்குச் சான்றாகிவிடும். ஃபிஷர் கூறிய இயைபு இக்கதையில் நிறைவாக உள்ளது. எந்த மறுப்பையும் தனக்குச் சான்றாக மாற்றிக்கொள்ளும் அளவுக்கு நிறைவு.

அடுத்து நிகழ்வது ஃபிஷரின் இரண்டாம் அளவுகோலுக்கு உரியது. கேட்டிருந்த காவலருள் இளையவன் ஒருவன் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறான். இருண்ட மழைக்கால இரவில், நிலம் அகழும் உளியோடு நீல உடையில் வந்த கள்வனைத் தான் வாளோடு எதிர்கொண்டதையும், அவன் அவ்வாளையே பறித்துக்கொண்டு மறைந்ததையும் நினைவுகூர்கிறான். கொல்லன் சொன்னது கேள்விக் கதை. இவன் சொல்வது பட்ட கதை. கேட்பவனின் சொந்த அனுபவம் வந்து சேர்ந்துகொண்ட நொடியில் கொல்லனின் கதை மெய்யாகிவிட்டது. அதன்பின் கொல்லன் பேசவேண்டிய தேவை இல்லை. அவன் பேசவும் இல்லை. வாடிக்கையாளரையே கதைசொல்லியாக மாற்றுவது விற்பனையின் உச்சம் எனக் கூறப்படுகிறது. அவ்வுச்சம் இங்கு எட்டப்பட்டு, ஓர் உயிர் போகிறது.

கதை மட்டுமே கோவலனைக் கொன்றது என்று சொல்வது மிகையாகும். அரசன் ஒறுப்பான் என்னும் அச்சத்தையும் அவ்விளைய காவலன் வெளியிடுகிறான். வாள் எறிந்தவனோ கல்லாத களிமகன். அவன் எந்தக் கதையையும் கேட்டு ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. எனினும் மற்றவர்களின் தயக்கத்தை அகற்றி அவனுக்கு இடம் உண்டாக்கியவை அக்கதைகளே. இத்தனையும் நடக்கும்போது கோவலன் வாய் திறந்ததாக ஒரு சொல்லும் இல்லை. நான் புகார் மாசாத்துவான் மகன் என்னும் ஒரு வரி அவனிடமிருந்து வரவில்லை.

பரல்

அந்த வரியை வழக்குரை காதையில் கண்ணகி சொல்கிறாள். ஊர், குடி, மாமன், கணவன், அவன் வந்த காரணம், நேர்ந்தது, தன் பெயர் என்னும் வைப்புமுறையில், கோவலன் ஊர்காண் காதையில் வணிகர்க்குச் சொல்லப் புறப்பட்டுச் சொல்லாது விட்ட கதை முழுவதும் அரசவையில் வந்து சேர்கிறது. அவள் பழிக்கு நாணி எதையும் மறைக்கவில்லை. வாழ்தல் வேண்டி வந்தான் என்பதையும், சிலம்பு விற்க வந்தான் என்பதையும் ஒளிவின்றிக் கூறுகிறாள்.

ஆயினும் அக்கதை அரசனை அசைக்கவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்பதே அவன் விடை. இயைபும் மெய்ம்மையும் உடைய கதை, முந்திச் சொல்லப்பட்ட பொய்க்கதையின் முன் நிற்க முடியாமல் போகிறது. அதன்பின்னரே கண்ணகி கதையை விட்டுப் பொருளுக்கு வருகிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தம் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். சிலம்பு கொணரப்பட்டு உடைக்கப்படுகிறது. மணி தெறிக்கிறது.

விற்பனை என்னும் நோக்கில் இக்காட்சியைப் பார்த்தால், பீடிகைத் தெருவில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய வினா இங்குத்தான் முதன்முறையாகக் கேட்கப்படுகிறது. மணியின் குற்றங்களைப் பெயர் சுட்டி அறிந்த வணிகர் நிறைந்த நகரில், ஒரு சிலம்பினுள் என்ன இருக்கிறது என்று எவரும் வினவவில்லை. அரசிக்கு ஏற்றது என்னும் சொல் அவ்வினாவுக்கு இடமின்றிச் செய்துவிட்டது. கோவலன் தன் பொருளை அரசியோடு இணைக்காமல், மாணிக்கப் பரல் உடையது என்று அதன் தன்மையைக் கூறியிருப்பின், கொல்லன் கையில் அந்தக் கதை எளிதில் அமைந்திராது. கதையைவிடத் தன்மைகளின் பட்டியல் பயன்பட்டிருக்கக்கூடிய இடமும் உண்டு என்பதற்கு இது சான்று. சந்தையியலார் பழைய முறை என ஒதுக்கும் அந்தப் பட்டியல் வறியவர்க்கும் அயலார்க்கும் ஒரு காப்பாகவும் இருந்திருக்கிறது.

கொல்லன் சொன்ன கதையின் கணக்கு அவனோடு முடிந்துவிடவும் இல்லை. உரைபெறு கட்டுரையின்படி, பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் நங்கைக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வி செய்கிறான். ஒருவன் சொன்ன பொய், பொற்கொல்லர் எத்தகையர் என்னும் பொதுக்கதையாக மாறியபின் இது நிகழ்கிறது. கோவலனை இலக்கணம் நோக்கிக் குற்றமற்றவன் என்று சொல்லக் காவலர் சிலராவது இருந்தனர். இந்த ஆயிரவர்க்கு அவ்வாறு எவரும் சொன்னதாகக் குறிப்பு இல்லை. அவர்களுள் ஒருவருக்கும் காப்பியம் பெயர் தரவில்லை. அவர்கள் தரப்பில் ஒரு சொல்லும் அதில் இடம்பெறவில்லை.